கடைசிப் பந்திக்காரர்கள்

"முக்கால் வருஷம்னு போட்டுடுங்க, நெஸ்டர். உங்க கைக்காசா போகுது?"

தெஸ்ஸா ஹால்வர்சன் இதைக் கேட்டபோது என் எதிர் நாற்காலியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, தானே கொண்டுவந்த பேரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தாள். முப்பத்து நாலு வயது. முழங்கையில் நூல் பிரிந்த சாம்பல் நிற ஸ்வெட்டர். நாற்பது பேர் வேலை பார்க்கும் கம்பெனியின் முதலாளி இவள் என்றால், தெருவுக்கு நாலு புதுக் கம்பெனி முளைக்கும் சான் மட்டேயோவில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். வேறு எந்த ஊரிலும் நம்ப மாட்டார்கள்.

என் தொழில் விலை சொல்வது. வீட்டுக்கோ நிலத்துக்கோ அல்ல. இன்னும் லாபம் பார்க்காத புதுக் கம்பெனிகளின் பங்குகளுக்கு. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நெஸ்டர் டிமாயுகா என்று கையெழுத்து விழுந்துவிட்டால் அந்த விலை பன்னிரண்டு மாதம் செல்லும். வரித்துறை வாயைத் திறக்காது.

இந்தத் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, எங்கள் கம்பெனிக்கு நூறு மில்லியன் டாலர் மதிப்பு என்று சொல்கிற அதே முதலாளி, மறுநாள் என்னிடம் வந்து, "என் பங்குக்கு ஒண்ணும் பெறாதுன்னு எழுதிக் குடுங்களேன்" என்று கெஞ்சுவார்.

இரண்டுமே பொய்யில்லை. பணம் போட்டவர்களிடம் இருப்பது முன்னுரிமைப் பங்கு. கம்பெனியை விற்றால் அவர்களுக்கு முதல் பந்தி. போட்டதை முழுதாக எடுத்துக்கொண்ட பிறகுதான் எழுந்திருப்பார்கள். கம்பெனியை ஆரம்பித்தவரும் அங்கே வேலை செய்கிறவர்களும் சாதாரணப் பங்குக்காரர்கள். கடைசிப் பந்தி. பாத்திரத்தில் மிச்சம் இருந்தால் உண்டு. அதனால்தான் தெஸ்ஸாவின் கம்பெனியில் முதலீட்டாளர்கள் பங்குக்குப் பன்னிரண்டு டாலர் கொடுத்திருந்தும், அவள் பங்குக்குப் போன வருடம் நான் எழுதிய விலை இரண்டு டாலர் அறுபது சென்ட்.

அதையும் குறைக்கத்தான் வந்திருந்தாள். புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சம்பளத்தோடு, நான் எழுதும் விலையில் பங்கு வாங்கும் உரிமையையும் கொடுப்பாள். விலை குறையக் குறைய ஆள் சுலபமாக மாட்டும்.

"இதுக்கு மேல எங்கே குறைக்கறது?" என்றேன்.

"காலத்துல குறைங்க."

விவரம் தெரிந்தவள். கம்பெனியை இன்றைக்கே விற்றால் வரும் பணம் முதல் பந்தியோடு தீர்ந்துவிடும்; சாதாரணப் பங்குக்குச் சல்லிக்காசு தேறாது. ஆனால் மூன்று வருடம் கழித்து விற்றால்? அதற்குள் கம்பெனி பத்து மடங்காகிவிட்டால்? அந்த 'ஆகிவிட்டால்' என்பதற்குத்தான் இரண்டு டாலர் அறுபது சென்ட். முதலீட்டாளரின் பங்கில் பணம் இருக்கிறது. ஆரம்பித்தவரின் பங்கில் இருப்பது வெறும் காலம். என் கணக்குத் தாளில் 'விற்பனைக்கு இன்னும் எத்தனை வருடம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் மூன்றை எடுத்துவிட்டு முக்காலைப் போட்டால் விலை தானாக விழும்.

"ஒன்பது மாசத்துல யார் வாங்கப் போறாங்க?"

"ஒருத்தர் பேசிட்டிருக்கார்."

"யாரு?"

"பேரைச் சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்." கண்ணடித்தாள்.

அப்படி ஒருவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நிர்வாகத்தின் சார்பில் ஒரு கடிதம் இருந்தால் எனக்குப் போதும். கொடுத்தாள்.

0.75 என்று தட்டினேன். விலை எண்பது சென்ட்டில் வந்து நின்றது. அறிக்கைக்கு மார்ச் ஒன்று என்று தேதி போட்டேன்.

அந்தக் கட்டத்தில் அதுவரை அறுநூறு கம்பெனிகளுக்கு எண் தட்டியிருப்பேன். ஒரு தடவைகூட விரல் தயங்கியதில்லை.

*

ஏப்ரல் பதினைந்து. வரிக் கணக்குக்குக் கடைசி நாள் என்பதால் அலுவலகமே தேன்கூடு மாதிரி இரைந்துகொண்டிருந்தது. தெஸ்ஸா சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைச் சாத்தினாள். கையில் சோப்பு.

நிஜ சோப்பு இல்லை. அவளுடைய லாங்கீப் கம்பெனி செய்கிற ஒரே பொருள் அதுதான். சோப்புக் கட்டி அளவில் வெள்ளையாக ஒரு கருவி. பழத்தின் மேல் வைத்தால் பச்சை விளக்கு ஒரு சுற்று சுற்றி, இன்னும் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று எண் காட்டும். வாட்சன்வில் தோட்டக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் லாரியில் ஏற்றுகிறார்கள். உச்சபட்ச எண் 365. ஆப்பிளே குளிர்கிடங்கில் அதற்கு மேல் தாங்காது. வேறு எதன் மேல் வைத்தாலும் 'பழமில்லை' என்று வரும். ஐந்து வருடத்தில் அது ஒரு நாள் பிசகியதில்லை என்று தெஸ்ஸா பெருமை அடித்துக்கொள்வாள்.

"கையை நீட்டுங்க."

என் மணிக்கட்டில் வைத்தாள். பழமில்லை. ஸ்டேப்ளர் மேல் வைத்தாள். பழமில்லை. என் மனைவி கட்டிக் கொடுத்த அடோபோ டப்பா மேல் வைத்தாள்.

"அது கோழிம்மா," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தன் மணிக்கட்டில் வைத்துக்கொண்டாள். பச்சை விளக்கு சுற்றியது.

229.

"நல்லா பழுத்திருக்கீங்க போல," என்றேன். "கருவி கெட்டுப்போச்சு."

"பதினெட்டு கருவி மாத்திப் பாத்துட்டேன். எல்லாத்துலயும் இதே எண். நேத்து 230. முந்தாநாள் 231." குரல் தணிந்தது. "மார்ச் ஒண்ணுல இருந்து இன்னிக்கு எத்தனை நாள்?"

நாள்காட்டியைப் பார்த்தேன். "நாற்பத்தஞ்சு."

"ரெண்டையும் கூட்டுங்க."

274.

"முக்கால் வருஷத்துக்கு எத்தனை நாள், நெஸ்டர்?"

கணக்கு இயந்திரம் தேவையில்லை. இருந்தும் தட்டினேன். 273.75.

ஜன்னலுக்கு வெளியே சுள்ளென்று வெயில். யாரோ நாயைக் கூட்டிக்கொண்டு போனார்கள். என் அறைக்குள் மட்டும் குளிர்சாதனத்தைக் கூட்டிவைத்த மாதிரி இருந்தது.

"எனக்கு மட்டும்னா பைத்தியம் பிடிச்சிருக்குன்னு விட்டிருப்பேன்," என்றாள். "ஆபீஸ்ல பதினோரு பேர் பணம் கட்டிப் பங்கு வாங்கியிருக்காங்க. பதினோரு பேர் கையிலயும் இதே எண். வாங்காதவங்க கையில 'பழமில்லை'. விளையாட்டுன்னு நினைச்சு வரிசையா நின்னு கையை நீட்டினாங்க. கோளாறுன்னு சொல்லி மழுப்பிட்டேன். இது பூஜ்யம் ஆச்சுன்னா என்ன ஆகும்?"

"பழத்துக்கு என்ன ஆகும்?"

"பழம் அழுகும். நான் பழமா?" எழுந்துகொண்டாள். "உங்க பழைய ஃபைல்ல என்னை மாதிரி காலத்தைக் குறைச்சு வாங்கிட்டுப் போனவங்க இருப்பாங்க இல்ல? அதுல தேதி தாண்டினவங்க எப்படி இருக்காங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

*

காஸ்பர் லுண்ட். ரெட்வுட் சிட்டி. நாய்களுக்கு மருத்துவக் காப்பீடு விற்கும் கம்பெனி. ஒன்றே கால் வருடத்துக்கு முன்னால் 0.5 போட்டுக் கொடுத்திருந்தேன். நெட்டை மனிதன்; வாசலில் குனிந்து வருவான்.

அவனுடைய தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. அவனுக்குப் பணம் போட்டவரைப் பிடித்தேன்.

"லுண்டா? யாருப்பா அது?"

"நாய் காப்பீடு. நீங்க நாலு மில்லியன் போட்டீங்களே."

"ஓ, அந்தக் கம்பெனியா? மூடியாச்சே. மேஜை நாற்காலியெல்லாம் வித்து எங்க பங்குக்கு ஏதோ தேத்திட்டோம். அதுக்கு முதலாளின்னு..." பேச்சு நின்றது. "வேடிக்கையா இருக்கே. யாராவது இருந்திருக்கணும் இல்ல?" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டுக்கே போனேன். முகவரி ஃபைலின் முதல் பக்கத்தில் இருந்தது. வாசலில் ஒரு சிறுமியின் சைக்கிள். மணியடித்ததும் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள்.

"காஸ்பர் இருக்காரா?"

"அப்படி யாரும் இல்லையே. ஒன்பது வருஷமா நானும் என் பொண்ணும்தான் இங்கே இருக்கோம்."

அவளுக்குப் பின்னால் சுவரில் பெரிய படம். கடற்கரையில் அவளும் சிறுமியும் நிற்கிறார்கள், படத்தின் இடது ஓரத்தில், ஒருவர்மேல் ஒருவர் ஒட்டி. மீதிப் படம் முழுக்க வெறும் கடல். அப்படி யாரும் படம் எடுக்க மாட்டார்கள்.

மன்னிப்புக் கேட்டுத் திரும்பினேன்.

"ஒரு நிமிஷம்," என்றாள். இடது மோதிர விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வெயில் படாத வெள்ளை வளையம் ஒன்று இருந்தது. "நீங்க தேடற ஆளு... ரொம்ப உயரமா?"

"ஆமா. ஏன் கேக்கறீங்க?"

"அலமாரியில ஒரு ஜோடி ஷூ இருக்கு. பெரிய கால். யாரோடதுன்னு தெரியலை. தூக்கிப் போடலாம்னா பொண்ணு அழறா. அவளுக்கும் ஏன்னு சொல்லத் தெரியலை."

என் அட்டையைக் கொடுத்தேன். ஏதாவது ஞாபகம் வந்தால் கூப்பிடச் சொன்னேன். காருக்குள் உட்கார்ந்து ஃபைலைப் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் நீல மையில் காஸ்பர் லுண்ட் என்று நெட்டையாக ஒரு கையெழுத்து. அவன் பெயரைச் சொல்ல அந்த ஊரில் மிச்சமிருந்தது அந்தக் காகிதமும், விலை போட்ட நானும்தான்.

*

"மாத்தி எழுதுங்க," என்றாள் தெஸ்ஸா. 206 அன்றைக்கு.

"தேதி போட்டுக் குடுத்ததைத் திருத்தினா என் உரிமம் போயிடும். ஜெயிலுக்கும் போகலாம். கம்பெனியில ஏதாவது பெரிசா நடந்தா புது அறிக்கை எழுதலாம். புதுசா முதலீடு வரணும். இல்ல, கம்பெனியை விக்கணும்."

"வித்தா?"

"வித்தா அன்னிக்கே காலம் பூஜ்யம்."

ஜூலையில் சிகாகோவிலிருந்து கடிதம் வந்தது. குளிர்கிடங்குக் கம்பெனி ஒன்று லாங்கீப்பை வாங்க விரும்புகிறது. விலை நாற்பது மில்லியன். கைமாற்றும் நாள் நவம்பர் முப்பது.

மார்ச் ஒன்றிலிருந்து எண்ணினால் இருநூற்று எழுபத்து நாலாம் நாள். தெஸ்ஸா வாய்க்கு வந்தபடி உருவாக்கிய ஆள், அவள் சொன்ன நாளில் வந்து நிற்கப் போகிறான்.

ராய்ஸ் டில்லிங்காஸ்டுக்கு ஒரே குஷி. கணினிச் சில்லு தயாரிக்கும் கம்பெனியை விற்றுவிட்டு ஓய்வில் இருப்பவர், எழுபது வயது. லாங்கீப்பில் மொத்தம் போடப்பட்ட நாற்பது மில்லியனில் பதினாலு அவர் சொந்தக் காசு. கம்பெனியின் இயக்குநர் போர்டிலும் இருந்தார்.

"நாப்பது போட்டோம், நாப்பது வருது. கையெழுத்தைப் போடு தெஸ்ஸா."

"எனக்கும் என் ஆளுங்களுக்கும்?"

"அனுபவம்!" மேஜையைத் தட்டிச் சிரித்தார். "அடுத்த கம்பெனிக்கு உதவும்."

தெஸ்ஸா சோப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள். பழமில்லை.

"பாத்தியா? நானெல்லாம் கெட்டுப்போற ரகம் இல்லை, பொண்ணே."

அவள் கையெழுத்துப் போடவில்லை. ஆரம்பித்தவள் சம்மதிக்காமல் விற்க முடியாது என்று ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி அவள் பக்கம் இருந்தது. டில்லிங்காஸ்ட் கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வேற எவன் பணம் குடுக்கறான்னு பாக்கறேன். நவம்பர்ல என் வீட்டு வாசலுக்குத் தவழ்ந்து வருவே."

எவனும் கொடுக்கவில்லை. அக்டோபரில் ஒருத்தி கொடுத்தாள்.

டெல்ஃபினா அரியாகா. வாட்சன்வில்லில் ஆப்பிள் தோட்டமும் ஆறு பழக்கிடங்குகளும் வைத்திருப்பவள். பெட்டிகளுக்கு நடுவே நின்றபடியே பேரம் பேசினாள்.

"என்ன விலை கேக்கறே?"

"விலையை நீங்களே சொல்லுங்க. எனக்குக் காலம்தான் வேணும். ஆறு வருஷத்துக்குக் கம்பெனியை விக்க மாட்டோம்னு எழுதணும்."

டெல்ஃபினா என்னைப் பார்த்தாள். "மிஸ்டர் விலைக்காரர், இந்தப் பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"நல்லாத்தான் இருக்காங்க," என்றேன். அன்றைக்கு 44.

"அப்ப பங்குக்கு அறுபது சென்ட். விக்கும்போது நான் போட்டதுக்கு மூணு மடங்கு எடுத்த பிறகுதான் மத்தவங்களுக்கு."

பன்னிரண்டு டாலர் விற்ற இடத்தில் அறுபது சென்ட்!

"சரி," என்றாள் தெஸ்ஸா.

"இன்னொண்ணு. பழைய ஆளுங்களும் என்னோட சேர்ந்து மறுபடி பணம் போடணும். போடாம வேடிக்கை பாக்கறவங்க முதல் பந்தியில உட்கார முடியாது. எழுந்து கடைசிப் பந்திக்குப் போகட்டும்."

கெட்ட காலத்தில் இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் போடுகிற நிபந்தனைதான் அது. சின்ன முதலீட்டாளர்கள் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே பணம் போட்டு, நிபந்தனைக்கும் சம்மதித்து ஓட்டுப் போட்டார்கள். டில்லிங்காஸ்டுக்கு மூன்று தடவை கடிதம் போயிற்று. பயமுறுத்திப் பார்க்கிறாள் என்று நினைத்து அவர் பதிலே போடவில்லை.

நவம்பர் இருபதாம் தேதி எல்லாம் கையெழுத்தாயிற்று. அந்த நிமிடத்தில் அவருடைய முன்னுரிமைப் பங்குகள் அத்தனையும் சாதாரணப் பங்குகளாக மாறின.

*

ஒரு வாரம் தூங்காமல் புது அறிக்கையை எழுதினேன். காலம்: ஆறு வருடம். டெல்ஃபினாவின் மூன்று மடங்கும் மற்றவர்கள் போட்டதும் தலைமேல் உட்கார்ந்திருந்ததால் சாதாரணப் பங்கின் விலை ஒன்பது சென்ட்டுக்கு இறங்கியிருந்தது.

அறிக்கையைப் போர்டும் ஏற்க வேண்டும். அதில் இப்போது மூன்று பேர். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால் அறிக்கை அன்றே செல்லும். ஒருவர் போடாவிட்டாலும் பத்து நாள் நோட்டீஸ் கொடுத்துக் கூட்டம் கூட்ட வேண்டும். தெஸ்ஸா போட்டாயிற்று. டெல்ஃபினா தோட்டத்திலிருந்தே கையெழுத்திட்டு அனுப்பிவிட்டாள். டில்லிங்காஸ்ட் தொலைபேசியை அணைத்து வைத்திருந்தார்.

"அவரைப் போர்டுல இருந்து தூக்க முடியாதா?" என்றேன்.

"தூக்கறதுக்கும் கூட்டம் கூட்டணும்," என்றாள் தெஸ்ஸா. மணிக்கட்டைக் காட்டினாள். நவம்பர் இருபத்தெட்டு. தாங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள்.

2.

வுட்சைடில் அவர் வீட்டுக்கு நடுப்பகலில் போய்ச் சேர்ந்தோம். குளியல் அங்கியோடு சமையலறையில் உட்கார்ந்து முந்தின நாள் வான்கோழியை ரொட்டிக்குள் வைத்துத் தின்றுகொண்டிருந்தார். அறிக்கையை நீட்டினேன். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே முகம் சிவந்தது.

"ஒன்பது சென்ட்! பன்னிரண்டு டாலர் குடுத்து நான் வாங்கினதுக்கு ஒன்பது சென்ட்டுன்னு ஒரு காகிதம். அதுக்கு என் கையெழுத்து வேற! ஏம்பா, உனக்கு எவன் கணக்குச் சொல்லிக் குடுத்தான்?"

"இப்ப உங்க பங்கு அந்த ரகம்தான் சார்."

"என்னை ஏமாத்தி அந்த ரகமாக்கினீங்க. போட மாட்டேன். போடலைன்னா என்ன, உலகம் அழிஞ்சிடுமா?"

"உலகம் இல்லை," என்றாள் தெஸ்ஸா. "நாம."

"நாமன்னு என்னைச் சேர்க்காதே."

அவள் சோப்பை எடுத்து மேஜையில் இருந்த பேரிக்காய் மேல் வைத்தாள். 6. தன் மணிக்கட்டில் வைத்தாள். 2. பிறகு அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னுமா இந்த விளையாட்டு?" ஜூலையில் சிரித்த அதே சிரிப்போடு எடுத்து மணிக்கட்டில் வைத்தார்.

பச்சை விளக்கு சுற்றியது. சுற்றி நின்றது.

2.

சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. அதை எடுத்து வைக்க மறந்துவிட்டவர் மாதிரி. கையை அங்கியில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். 2. இன்னொரு கை. 2.

"ரோசாரியோ! இங்க வா."

வேலைக்காரப் பெண் ஈரக் கையோடு வந்தாள். அவள் கையில் வைத்தார். பழமில்லை. அவள் "என்ன சார் இது, ஜோசியமா?" என்று சிரித்துக்கொண்டே பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

"பூஜ்யம் ஆச்சுன்னா?" என்றார்.

லுண்டைப் பற்றிச் சொன்னேன். பணம் போட்டவருக்கு அவன் பெயர் தெரியாததை, மோதிர விரலை, அலமாரியில் இருக்கும் ஷூவை, படத்தில் பாதிக்கு மேல் கடலாக இருந்ததை. தெஸ்ஸாவுக்கே நான் அதையெல்லாம் முழுதாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

குளிர்பெட்டிக் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. படகில் டில்லிங்காஸ்டும் அவர் மனைவியும் மூன்று மகன்களும். அவர் எழுந்து போய் அதன் முன்னால் நின்றார். தான் நிற்கும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்தார். விரலை எடுத்தார். மறுபடி மறைத்தார். வெளியே புல் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பேனா இருக்கா?"

கையெழுத்துப் போட்டார். மேஜையிலேயே மடிக்கணினியைத் திறந்து நானும் போட்டேன். அப்புறம் மூன்று பேரும் சோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் தெஸ்ஸாதான் எடுத்தாள். விளக்கு வழக்கத்தைவிட மெதுவாகச் சுற்றுகிற மாதிரி எனக்குப் பட்டது.

365.

"குடு, குடு," என்று பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார் டில்லிங்காஸ்ட். 365. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ஏம்பா விலைக்காரா, அந்த ஆறைப் பத்தா போடேன்."

"விலை ஏறிடும் சார்."

"ஏறட்டுமே! எனக்கென்ன?"

"வரித்துறை ஏன்னு கேக்கும்."

"கேட்டா இதை அவன் கையில வை." சோப்பைக் காட்டினார்.

வெளியே படிக்கட்டில் தெஸ்ஸா வெயிலில் உட்கார்ந்தாள். ஆபீசிலிருந்து பதினோரு செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பதினோராவது வந்ததும்தான் தொலைபேசியைக் கீழே வைத்தாள்.

"ஒன்பது சென்ட், நெஸ்டர். ஏழு வருஷம் உழைச்சிருக்கேன்." அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. "என்னைக் கேட்டா அதுவே ஜாஸ்திதான். வாங்க, பசிக்குது."

*

டிசம்பர் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு என் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு லுண்டின் ஃபைலைத் திறந்தேன்.

தேதி போட்டுக் கொடுத்ததைத் திருத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான்தானே தெஸ்ஸாவுக்குச் சொன்னேன். விற்பனைக்கு இன்னும் எத்தனை வருடம்? 0.5-ஐ அழித்தேன். 5 என்று தட்டினேன். பழைய தேதியிலேயே, பழைய மாதிரியே கையெழுத்துப் போட்டு மூடினேன். அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. இதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

பத்தே காலுக்குத் தொலைபேசி அடித்தது.

"ரெட்வுட் சிட்டியில இருந்து பேசறேன். நீங்க ஒரு சனிக்கிழமை வந்து அட்டை குடுத்துட்டுப் போனீங்க."

"சொல்லுங்கம்மா."

"வாசல்ல ஒருத்தர் நிக்கறார்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "ரொம்ப உயரம். கையில பால் டப்பா. கால்ல ஒண்ணுமே இல்லை, வெறுங்காலோட நிக்கறார். இது அவர் வீடுன்னு சொல்றார். என் பேரைச் சொல்றார். எனக்கு அவரைத் தெரியலைங்க. சத்தியமா தெரியலை."

"பயப்படாதீங்க. வேற என்ன சொல்றார்?"

"ஒண்ணுமில்லை. பால் வாங்கிட்டு வந்தேன்னு சொல்றார். என் பொண்ணு..." குரல் உடைந்தது. "என் பொண்ணு அலமாரியில இருந்து அந்த ஷூவைத் தூக்கிட்டு வாசலுக்கு ஓடறா. நான் என்ன பண்ணட்டும்?"

திரையைப் பார்த்தேன். கட்டத்தில் 5. பத்து போட்டிருக்கலாம், இருபது போட்டிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? தொழில் பழக்கத்தில் கை குறைவான எண்ணில் போய் நின்றுவிட்டது. அதுவும் பழைய தேதியிலிருந்து ஐந்து. கிட்டத்தட்ட இரண்டு ஏற்கெனவே போய்விட்டது.

"கதவைத் திறங்கம்மா," என்றேன். "சீக்கிரம்."